ஏரவாடாவும் மாநகராட்சி வரவு செலவும்: பெருந்தொற்று சொன்ன கணக்குப் பாடம்

பட்ஜெட் என்கிற ஆங்கிலச் சொல், பழைய பிரெஞ்சு மொழியில் சின்னத் தோல்பையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். தமிழில் வரவு செலவுத் திட்டம் என்கிறோம். மராட்டியில் அதற்கு 'அந்தாஜ்பத்ரக்' என்று பெயர். அந்தாஜ் என்றால் மதிப்பீடு, பத்ரக் என்றால் ஏடு. இந்த அந்தாஜ் நமக்கு அந்நியச் சொல் இல்லை. "அந்தாஜா ஒரு கணக்குச் சொல்லுப்பா" என்று நம்ம ஊர்க் கடைத்தெருவிலும் பேசுவது உண்டு. வசூல், பாக்கி, ஜமா என்று அரபு, பாரசீக வழியில் வந்த சொற்கள் எத்தனையோ கணக்குப் பேரேட்டின் வழியாகவே மராட்டிக்கும் தமிழுக்கும் பொதுவாகிவிட்டன. பிழைக்க வந்த ஊரின் மொழி தெரியாது என்று சொல்கிற நம்மவர்களுக்குக்கூட அதன் கணக்குமொழி பாதி தெரியும் என்பதே என் எண்ணம்.

ஆனாலும் நாம் வரி கட்டுகிற மாநகராட்சியின் அந்தாஜ்பத்ரக்கை நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருக்கிறோம்? டில்லி பட்ஜெட் அன்று டிவி முன்னால் உட்காருகிறோம். சென்னை பட்ஜெட்டைப் பற்றிச் சொந்த ஊருக்குப் போன் போட்டுப் பேசுகிறோம். நம் வாசலில் குப்பை எடுப்பதும், குழாயில் தண்ணீர் விடுவதும், தெருமுனை ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதும் பூனா மாநகராட்சியின் ஏட்டிலிருந்து நடக்கிறது. அந்த ஏடு எப்படி எழுதப்படுகிறது, 2020ல் வந்த கொரோனாப் பெருந்தொற்றின்போது ஏரவாடா போன்ற பகுதியில் அது என்ன செய்தது, என்ன செய்ய முடியவில்லை என்பதை, வணிகம் செய்து கணக்கெழுதிப் பழகியவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

ஏடு எழுதும் மூன்று மேசைகள்

பூனா மாநகராட்சி 1950ல் உருவானது. மும்பை மாகாணத்தில் 1949ல் வந்த மாநகராட்சிச் சட்டமே, பெயர் மாறி, இன்றும் இதை ஆள்கிறது. அதன்படி ஏடு மூன்று மேசைகளைத் தாண்ட வேண்டும். முதலில் ஆணையர் ஒரு மதிப்பீடு தயாரித்து வைப்பார். அது 16 உறுப்பினர் கொண்ட நிலைக்குழுவுக்குப் போகும். நிலைக்குழு கூட்டிக் குறைத்துப் பொதுச்சபையில் வைக்கும். பொதுச்சபை ஏற்றால் ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

இந்த மேசைகளில் என்ன நடக்கும் என்பதற்கு 2020-21ஆம் ஆண்டே உதாரணம். ஆணையர் வைத்த மதிப்பீடு 6,229 கோடி ரூபாய். நிலைக்குழுவின் கைக்குப் போய் வந்தபோது அது 7,390 கோடி. நடுவில் ஏறியது 1,161 கோடி. புதிதாக ஒரு வருமானமும் அதற்குள் பிறந்துவிடவில்லை. உறுப்பினர்கள் தத்தம் வார்டுக்குக் கேட்ட வேலைகளைச் சேர்த்தால் செலவுப் பக்கம் ஏறும். இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டுமே, அதனால் வரவுப் பக்கத்தையும் ஏற்றி எழுதுவார்கள். வராத பாக்கியை வரவு வைத்துச் சரக்கு வாங்குகிற கடைக்காரனின் கதி என்ன என்று வணிகக் குடும்பங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த ஏடு நடைமுறைக்கு வர இருந்த நேரத்தில்தான் நோய் வந்தது. மகாராஷ்டிரத்தின் முதல் இரண்டு கொரோனா நோயாளிகள் 2020 மார்ச் 9 அன்று கண்டறியப்பட்டது பூனாவில்தான். அதே மாதம் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. மாநில அரசு மே 4 அன்று தன் வளர்ச்சிச் செலவையே 33 சதவீதத்துக்குள் அடக்கிக்கொள்ளும்படி ஆணை போட்டது. அந்தாஜ் எழுதிய மை காய்வதற்குள் அந்தாஜே மாறிவிட்டது.

வரவு எங்கிருந்து வருகிறது?

என் வயதொத்த வணிகர்களுக்கு ஜகாத் நாக்கா மறந்திருக்காது. வெளியூர்ச் சரக்கு நகர எல்லைக்குள் நுழையும்போது கட்டுகிற நுழைவுவரிதான் ஜகாத். லாரிகள் வரிசையில் நிற்கும், சீட்டுப் போடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். பூனாவில் 2013 மார்ச் 31 வரை இந்த வரியே கருவூலத்துக்கு முதுகெலும்பு. 2013 ஏப்ரலில் அதற்குப் பதிலாக எல்.பி.டி. என்ற உள்ளாட்சி வரி வந்தது. வணிகர்கள் கடையடைத்துப் போராடினோம். 2015 ஆகஸ்டில் 50 கோடிக்குக் குறைவான விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அதுவும் போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின், இழந்த வருமானத்துக்கு ஈடாக மாநில அரசு மாநகராட்சிக்கு மாதாமாதம் தொகை தருகிறது. இதற்கென்று 2017ல் மாநிலச் சட்டமே இயற்றப்பட்டது. ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டித் தரவேண்டும் என்பது கணக்கு.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஜகாத் காலத்தில் ஒரு பெருந்தொற்று வந்து லாரிகள் நின்றிருந்தால், அன்றைக்கே மாநகராட்சியின் கல்லாவும் காலியாகியிருக்கும். 2020ல் கடைகள் மூடிக்கிடந்தபோதும் ஈட்டுத்தொகை வந்தது. மூலதனம் நம் ஊரில் இல்லை, மாநிலத்தின் கையில் இருக்கிறது என்பது இதன் இன்னொரு பக்கம். கை நீட்டி வாங்குகிறவன் கணக்குக் கேட்கத் தயங்குவான்.

இரண்டாவது பெரிய வரவு, நீங்களும் நானும் கட்டுகிற சொத்துவரி. ஊரடங்கிலும் மக்கள் ஆன்லைனில் கட்டினார்கள். 2020 அக்டோபரில் 'அபய் யோஜனா' என்ற பெயரில், பழைய பாக்கிக்கு ஏறியிருந்த அபராதத்தில் 80 சதவீதத்தைத் தள்ளுபடி செய்து வசூலித்தார்கள். மூன்றாவதான கட்டட அனுமதிக் கட்டணம்தான் அடிவாங்கியது. வீடு கட்டுகிற தொழிலே நின்றுபோனால் அனுமதி கேட்க யார் வருவார்?

1897: நகராட்சியை ஒதுக்கிவிட்டு வந்த சேவை

பூனாவுக்குப் பெருந்தொற்று புதிதல்ல. 1896 செப்டம்பரில் மும்பையில் தெரியவந்த பிளேக், சில மாதங்களில் இங்கே வந்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. பூனா நகராட்சியால் இதைச் சமாளிக்க முடியாது என்று முடிவு கட்டிய ஆங்கில அரசு, ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் தனிக் குழு அமைத்தது. மார்ச்சிலிருந்து மே வரை வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து நோயாளிகளைத் தேடினார்கள். சாமான்களை எரித்தார்கள், பெண்கள் இருக்கும் அறைகளுக்குள்ளும் போனார்கள். மருத்துவமனையும் முகாமும் அமைத்தது உண்மை. ஆனால் அந்தச் சேவையை மக்கள் நோயைவிட அதிகமாக அஞ்சினார்கள்.

1897 ஜூன் 22 அன்று கணேஷ்கிந்த் சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அவர்கள் மூவரும் தூக்கிலிடப்பட்டது இந்த ஏரவாடா சிறையில்தான். அதே மார்ச் மாதத்தில், தன் மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமில் பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்ரிபாய் புலே, நோய் தொற்றி மார்ச் 10 அன்று காலமானார். சிப்பாயைப் பார்த்துக் கதவைச் சாத்திய ஊர்தான் அந்த அம்மையாரைத் தாயாகக் கொண்டாடியது. அவருடைய கணவர் ஜோதிராவ் புலே, பூனா நகராட்சியில் 1876 முதல் 1882 வரை உறுப்பினராக இருந்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தையேதான் 2020 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு மறுபடி கையில் எடுத்தது. சட்டம் பழையது. ஆனால் இந்த முறை வேலையைச் செய்தது மாநகராட்சி. செவிலியர், ஆஷா பணியாளர், துப்புரவுத் தொழிலாளர் எல்லாரும் அதே வார்டுகளில் பழகிய முகங்கள். இந்த வேறுபாடு பெரிது.

2020: ஏரவாடாவில் நடந்தது

ஏரவாடா என்றதும் வெளியூரார் நினைப்பது மத்திய சிறையை. 1932ல் காந்தி உண்ணாவிரதம் இருந்ததும் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானதும் அங்கே. அடுத்து மனநல மருத்துவமனை. இவை இரண்டும் மாநில அரசுடையவை. மாநகராட்சிக்கு உரியவை ராஜீவ் காந்தி மருத்துவமனை, பள்ளிகள், குழாய், சாக்கடை, பொதுக்கழிப்பறை, குப்பை. மாநகராட்சியின் 15 வார்டு அலுவலகங்களில் ஒன்று ஏரவாடா-களஸ்-தானோரிக்கு உரியது. எந்தக் குறையை எங்கே சொல்வது என்று குழம்புகிறவர்கள் இந்தப் பாகப்பிரிவினையை நினைவில் வைத்தால் போதும்.

2020 ஏப்ரல், மே மாதங்களில் பவானி பேட்டைப் போலவே ஏரவாடாவிலும் நோய் வேகமாகப் பரவியது. தெருக்கள் அடைக்கப்பட்டன. அடைத்த தெருக்களின் குடும்பங்களுக்கு உணவுப்பொருள் பொட்டலம் போயிற்று. மாநில அரசின் 'சிவபோஜன்' சாப்பாடு பத்து ரூபாயிலிருந்து ஐந்து ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பூனாவில் பிறந்த பாரதிய ஜெயின் சங்கட்டனா என்ற அமைப்பு 'டாக்டர் ஆப்ல்யா தாரி', அதாவது டாக்டர் உங்கள் வாசலில், என்று நடமாடும் மருத்துவ வண்டிகளைக் குடிசைப்பகுதிகளுக்கு விட்டது. எங்கள் சமணத்தில் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நான்கு தானம் சொல்வோம். ஆகவே இதில் எனக்கு மகிழ்ச்சியும் பெருமையும் உண்டு. ஆனால் தானம் வேறு, வரி வேறு. தானம் கொடுப்பவர் மனமிருந்தால் வரும். வரியிலிருந்து வருவது நமக்கு உரிமையாக வரவேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படக்கூடாது.

அவசரச் செலவுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாநகராட்சிச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, எதிர்பாராத ஆபத்து நேர்ந்தால் ஆணையர் உடனே செலவு செய்யலாம், பிறகு நிலைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தீப்பிடித்த வீட்டுக்கு டெண்டர் விட்டுத் தண்ணீர் வாங்க முடியாது, சரிதான். ஆனால் அப்படிச் செலவான பணத்தின் கணக்கைப் பிற்பாடு யார் படிக்கிறார்கள் என்பதே கேள்வி. 2022 மார்ச்சில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, அதன்பின் சில ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஆணையரே நிர்வாகியாக இருந்தார். ஏடு தாண்டவேண்டிய மூன்று மேசைகளும் அப்போது ஒரே மேசையாகிவிட்டிருந்தன.

அவசரத்தில் வாங்கியதும் முன்பே கட்டியதும்

சிவாஜிநகரில் பொறியியல் கல்லூரி மைதானத்தில் 800 படுக்கைகளோடு ஒரு 'ஜம்போ' மருத்துவமனையை மூன்று வாரத்துக்குள் எழுப்பினார்கள். 2020 ஆகஸ்ட் இறுதியில் அது திறந்தது. கூடாரமும் படுக்கையும் ஆக்ஸிஜன் குழாயும் மூன்று வாரத்தில் வந்துவிடும். பழகிய டாக்டரும் செவிலியரும் மூன்று வாரத்தில் வருவார்களா? தொடக்க நாட்களிலேயே புகார்கள் குவிந்தன. நிர்வாகத்தை மாநகராட்சி நேரடியாகக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அது பலரைக் காப்பாற்றியது, இரண்டாம் அலையிலும் கைகொடுத்தது.

இதற்கு நேர்மாறாக, ஆற்றுக்கு அக்கரையில் நாயுடு தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் பழமையானது. 2009ல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதும் ஊரே ஓடியது அங்கேதான். 2020 மார்ச் 9 அன்று அந்த முதல் நோயாளிகள் சேர்க்கப்பட்டதும் அங்கேதான். நோய் இல்லாத வருஷங்களில் 'இது எதற்கு வெட்டிச் செலவு' என்று கேட்கத் தோன்றும் ஆஸ்பத்திரி, நோய் வந்த அன்று காலையில் தயாராக இருந்தது.

இனி என் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். 2020 ஜூலை, ஆகஸ்டில் பூனாவின் ஐந்து பகுதிகளில் ரத்தப் பரிசோதனை ஆய்வு நடந்தது. நோய் தெரியாமலே வந்து போயிருக்கிறதா என்று ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது இந்த ஆய்வு. சாவித்ரிபாய் புலே பெயர் தாங்கிய பூனா பல்கலைக்கழகமும், இங்குள்ள ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனமும் முன்னின்றன. நம்ம வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இதில் பங்கு கொண்டது. சுமார் 1,660 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல், அதாவது 51.5 சதவீதம் பேருக்கு, நோய் வந்து போயிருந்தது. ஏரவாடாவில் இது சுமார் 56 சதவீதம்.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண்கள் வேறு இரண்டு. தனிக் கழிப்பறை உள்ளவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு நோய் தொற்றியிருந்தது. பொதுக்கழிப்பறைக்குப் போகிறவர்களில் சுமார் 62 சதவீதம். கழிப்பறை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்குள் இடநெருக்கடி, தெருவின் அகலம் எல்லாம் கூடவே சேர்ந்து வருபவை. இருந்தாலும் விஷயம் விளங்குகிறது. "வீட்டிலேயே இருங்கள்" என்பது அரசின் ஆணை. காலையில் வரிசையில் நின்றே ஆகவேண்டிய குடும்பம் எப்படி வீட்டிலேயே இருக்கும்? பொதுக்கழிப்பறையை ஒரு நாளைக்குப் பலமுறை மருந்தடித்துக் கழுவினார்கள். நல்ல வேலைதான். ஆனால் தனிக் கழிப்பறை ஊரடங்கு நாளில் கட்டக்கூடிய பொருள் அல்ல.

அது எப்போது கட்டப்பட வேண்டியது? அதற்கும் ஏரவாடாவிலேயே விடை இருக்கிறது. 2005ல் மத்திய அரசு தொடங்கிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ், ஏரவாடாவின் சில குடிசைப்பகுதிகளில் வீடுகள் கட்டப்பட்டன. குடிசைகளை மொத்தமாக இடித்து மக்களை ஊருக்கு வெளியே தள்ளவில்லை. நல்ல சுவர் வைத்த வீடுகளைத் தொடாமல், தகரமும் தார்ப்பாயுமாக இருந்தவற்றை மட்டும் அதே இடத்தில் 270 சதுர அடி வீடாக எழுப்பினார்கள். ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் மகிளா மிலன் என்ற பெண்கள் குழுவும் வீடு வீடாகப் பேசி நடத்திய வேலை இது. செலவில் பாதி மத்திய அரசு, 30 சதவீதம் மாநிலம், 10 சதவீதம் மாநகராட்சி, மீதி 10 சதவீதம் குடியிருப்பவர். ஒவ்வொரு வீட்டிலும் தனிக் கழிப்பறை. அந்தத் திட்டத்துக்கு அன்று ஏட்டில் எழுதிய 10 சதவீதத்தை யாரும் நோய்த் தடுப்புச் செலவு என்று நினைத்திருக்க மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதுவும் நோய்த் தடுப்புச் செலவாகவே ஆயிற்று.

பெருந்தொற்று ஆண்டின் பட்ஜெட் அந்த ஆண்டில் எழுதப்படுவதில்லை. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து பட்ஜெட்டுகளில் எழுதப்பட்டுவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

ஏட்டில் சம்பளம் இல்லாத கைகள்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குப்பை வாங்கிப் போகும் அக்காக்களில் பெரும்பாலோர் மாநகராட்சி ஊழியர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர்கள் 'ஸ்வச்ச' என்ற, குப்பை பொறுக்கும் தொழிலாளர்களே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவு அமைப்பினர். 2008ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். மூவாயிரம் பேருக்கு மேல். அவர்களுடைய வருமானம் வீட்டுக்கு வீடு நாம் கொடுக்கும் மாதக் கட்டணமும், பிரித்தெடுத்த பொருளை விற்ற காசும். பெருந்தொற்றின் மோசமான நாட்களிலும் அவர்கள் வந்தார்கள். அந்த 2020 முடியும்போது அவர்களுடைய ஒப்பந்தமும் முடிந்தது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டி விளக்கேற்றி நன்றி சொன்னோம், ஆனால் அந்தக் கைகளுக்கு ஏட்டில் நிலையான வரி ஒன்று எழுதும்படி நாம் யாரும் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைக்குப் பேர்போனவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ச்சபையின் குழுக்களை அவை விவரிக்கின்றன. பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர் என்கிறது கல்வெட்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கணக்குக் கேட்ட ஊர்க்காரர்களின் வழிவந்த நாம், வந்த ஊரில் கணக்குக் கேட்கத் தயங்குவானேன்? 'நமக்கேன் வம்பு, நாம் வெளியூர்க்காரர்' என்ற பேச்சு சொத்துவரி ரசீதுக்குப் பொருந்தாது.

மாநகராட்சியின் ஏட்டைப் பார்ப்பது கடினமல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் நேரே மூன்று தொகைகளைத் தேடுங்கள்: சென்ற ஆண்டு உண்மையில் செலவானது, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் அந்தாஜ். மூன்றாவது மட்டும் பெரிதாக இருந்து முதலாவது சிறிதாக இருந்தால், அது வெறும் வாக்குறுதி. சுகாதாரம், குடிசைப்பகுதி மேம்பாடு, கழிவுநீர் ஆகிய மூன்று தலைப்பைப் பார்த்தாலே போதும்.

அடுத்தது இன்னும் எளிது. 2006 முதல் பூனா மாநகராட்சி மக்கள் பங்கேற்பு பட்ஜெட் என்ற முறையை நடத்தி வருகிறது. வழக்கமாக ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் வார்டு அலுவலகத்தில் ஒரு படிவம் கிடைக்கும். உங்கள் பகுதிக்கு வேண்டிய சிறு வேலையை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். ஒரு வேலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. தெருவிளக்கு, நடைபாதை, பொதுக்கழிப்பறைப் பழுதுபார்ப்பு இதற்குள் அடங்கும். அடுக்குமாடியில் இருக்கும் நம்மவர்கள் பூங்காவில் பெஞ்சு கேட்கிறார்கள். கேட்கட்டும். நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும், நம் கடையில் மூட்டை தூக்கும் பையனும் எந்தக் கழிப்பறை வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்டு, அதற்கும் ஒரு படிவம் எழுதினால் நல்லது. அவர்களில் தமிழரும் உண்டு, மராட்டியரும் உண்டு. நோய் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை.

பெருந்தொற்றுக்குப் பின் மாநகராட்சி தனக்கென மருத்துவக் கல்லூரி ஒன்றை 100 இடங்களோடு தொடங்கியிருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. அடுத்த முறை கூடாரம் போட்டபின் டாக்டரைத் தேட வேண்டியிருக்காது என்று நம்பலாம். இதுபோல முன்கூட்டிச் செய்கிற செலவுகள் ஏட்டில் நிலைத்திருக்கின்றனவா, அல்லது நோய் மறந்ததும் சத்தமில்லாமல் குறைகின்றனவா என்று பார்ப்பது நம் வேலை. சங்கத்தின் கூட்டம் ஒன்றில் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். மராட்டி நன்றாகப் படிக்கும் நம் பிள்ளைகள் ஏட்டை வாசித்துச் சொல்லட்டும். கணக்கு தெரிந்த பெரியவர்கள் விளக்கட்டும். ஆகஸ்டில் படிவம் வாங்க வார்டு அலுவலகத்துக்கு யார் போவது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம்.